தலையைத் தூக்குங்கள், பார்ப்போம்

சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. கத்தி வைத்தவர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த நோயாளியின் கோப்பைப் பார்க்கப் போய்விட்டார். தலைமாட்டில் நிற்பவருக்கு மட்டும் வேலை முடியவில்லை. அரைக்கண் திறக்கும் நோயாளியின் காதருகே குனிந்து, “அம்மா, தலையைத் தூக்குங்க பார்ப்போம். அப்படியே பிடிங்க” என்கிறார். தலையணையிலிருந்து தலையை உயர்த்தி ஐந்து விநாடி தாங்கிப் பிடிக்க முடிந்தால் கழுத்துத் தசைகளுக்குப் பலம் திரும்பிவிட்டது என்று பொருள். கழுத்து தேறினால், தொண்டையைக் காக்கும் தசைகளும் மூச்சை இழுக்கும் தசைகளும் பெரும்பாலும் தேறியிருக்கும். இந்தக் காலத்தில் இதை மட்டும் நம்பி, மூச்சுக்காக வைத்த குழாயை எடுத்துவிடுவதில்லை. கருவி வைத்தும் அளக்கிறார்கள். ஆனாலும் எந்தக் கருவியும் இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

தலைமாட்டில் நிற்கும் இவரை மலையகத்தில் “மயக்க ஊசி போடுற டொக்டர்” என்பார்கள். ஊசி போடுவது அவர் வேலையில் சில நிமிடம்தான். அந்த ஊசிக்குப் பிறகு நோயாளி தானாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார், எச்சிலை விழுங்கமாட்டார். அவர் செய்யாமல் விட்ட அத்தனையையும் தலைமாட்டில் நிற்பவர் செய்ய வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும், அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளிப் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும், சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும், பல் வைத்தியசாலையிலும் நாள் முழுக்க இந்தக் காவல் நடக்கிறது. நுவரெலியா, மாத்தளை, ஹட்டன், நாவலப்பிட்டி என்று மலைநாடு முழுவதிலிருந்தும் சிக்கலான நோயாளர்கள் வந்து சேரும் இடங்கள் இவை.

1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம். அங்கே மயக்க மருந்தியலைக் கற்பிப்பவர்களே சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நிற்கிறார்கள். கற்பிப்பது, காப்பாற்றுவது, ஆராய்வது என்ற மூன்றும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே ஒரு சாட்சி உண்டு. கண்டியில் கண்டறியப்பட்ட ஒரு நோய்நிலை இன்று உலகின் நச்சியல் பாடநூல்களில் எல்லாம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த இருவரில் ஒருவர் மயக்க மருந்து நிபுணர்.

அந்தக் கதைக்குப் போகுமுன் தசை எப்படி அசைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிப்பட்டுத் தசையில் அதற்கென்றுள்ள இடத்தில் அமர்கிறது; தசை சுருங்குகிறது. வேலை முடிந்த நொடியே ஒரு நொதியம் வந்து அதைச் சிதைத்துவிடுகிறது. வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சைக்குத் தசைகள் தளர வேண்டும். அதற்காகக் கொடுக்கும் அட்ராகூரியம் போன்ற மருந்து, பஸ் இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அசற்றைல்கோலின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. கை, கால், கழுத்து, உதரவிதானம் எல்லாம் அசைவற்றுப் போகின்றன.

திரும்ப அசைய வைப்பதற்கு நியோஸ்டிக்மின். அது தசையைத் தொடுவதேயில்லை. சிதைக்க வரும் நொதியத்தைத் தடுக்கிறது. அசற்றைல்கோலின் சிதையாமல் பெருகிப் பெருகி இடத்தை மீட்டுக்கொள்கிறது. ஆனால் அது பெருகுவது தசையில் மட்டுமா? எச்சில் ஊறும், சுவாசக்குழாயில் சளி சுரக்கும், நாடி மெதுவாகும். அதைச் சமாளிக்க அட்ரோபினையோ அதன் உறவு மருந்து ஒன்றையோ கூடவே கொடுக்கிறார்கள். எவ்வளவு மீண்டது என்று பார்க்க மணிக்கட்டில் இரண்டு ஒட்டுத்தகடுகளை வைத்துச் சிறு மின்துடிப்பை நான்கு தடவை அனுப்புவார்கள். கட்டைவிரல் துடிக்கும். நாலும் ஒரே அளவாகத் துடித்தால் நல்லது. முதலாவது பெரிதாகவும் அடுத்தடுத்தவை வரவரச் சோர்ந்தும் இருந்தால் மருந்து இன்னும் உடலில் நிற்கிறது. இந்தத் துறையில் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர் முதல் மாதங்களிலேயே அந்தக் கட்டைவிரலை உற்றுப் பார்க்கப் பழகிவிடுகிறார்.

இனி கூடத்துக்கு வெளியே போவோம். 1970களிலும் 80களிலும் இலங்கையின் வைத்தியசாலைகளை நிரப்பியது கிருமிநாசினி. ஜெரி ஜெயரத்தினம் செய்து 1982இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் அதனால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். சுமார் 1,000 பேர் இறந்தார்கள். நெல்வயல், மரக்கறித் தோட்டம் என்று எங்கும் விற்ற மருந்துகளில் பெரும்பங்கு ஓகனோபொஸ்பேற்று வகை. அது உடலுக்குள் போய்த் தடுப்பது எதை என்று நினைக்கிறீர்கள்? நியோஸ்டிக்மின் தடுக்கும் அதே நொதியத்தை. நியோஸ்டிக்மின் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு விட்டுவிடும். இது லேசில் விடாது. எச்சில் வழிகிறது, நெஞ்சில் சளி நிறைகிறது, கண்ணின் மணி ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது, தசைகள் தாமாகத் துடிக்கின்றன. முறிப்பதற்குத் தரும் முதல் மருந்து அட்ரோபின். கூடத்தில் நாள்தோறும் அளந்து கையாளும் அதே இரசாயனம், வார்ட்டில் அளவில்லாமல் ஆட்டம் போடுகிறது. மயக்க மருந்து நிபுணருக்கு இதைவிடப் பழக்கமான நிலம் இருக்க முடியாது.

இந்த நஞ்சுக் குடும்பம் மலையகத் தமிழரின் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை புகுந்தது. 1977, 78இல் தேயிலைத் தோட்டங்களில் 20க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் கைகால் செயலிழந்தது. எல்லாருமே புதிதாக வயதுக்கு வந்தவர்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு உடம்பு தேற நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற கைத்தொழில் இரசாயனம் கலந்திருந்தது. பேராதனையின் மருத்துவத் துறையைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் அதைக் கண்டுபிடித்து 1981இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். தாய் அக்கறையோடு ஊற்றிக் கொடுத்த எண்ணெய், வாரங்கள் கழித்துப் பிள்ளையின் நரம்பைத் தின்றது. சேனாநாயக்க அந்தப் பிள்ளைகளின் நரம்புகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பரிசோதித்தார். தோட்டத்து லயன் அறைகளில் நடந்த அந்தத் துயரத்தை இன்று அங்கேயே பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள் என்பதுதான் மனதைக் குடைகிறது.

ஆக, ஓகனோபொஸ்பேற்று இரண்டு முகம் காட்டும் என்று மருத்துவ உலகம் அறிந்திருந்தது. முதல் சில மணி நேரத்தில் வரும் நெருக்கடி ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் நரம்புத் தளர்ச்சி மற்றொன்று. நடுவில் எதுவும் இல்லை என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். ஆனால் வார்ட்டில் நடந்தது வேறு. அட்ரோபினில் தேறி, எச்சில் நின்று, கண்மணி விரிந்து, வீட்டாரோடு பேசத் தொடங்கிய நோயாளி, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். தோளும் தொடையும் சோர்ந்தன. கண் அசைவும் முகத்தசைகளும் வலுவிழந்தன. பிறகு மூச்சு. கவனிக்க ஆளில்லாவிட்டால், தேறிவிட்டார் என்று நம்பி உறவினர்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்திலேயே மரணம் நேரும்.

சேனாநாயக்கவும், பேராதனையில் மயக்க மருந்தியல் கற்பித்த லக்ஷ்மன் கரல்லியத்தவும் சேர்ந்து இப்படியான 10 நோயாளரை ஒவ்வொருவராகப் பதிவு செய்தார்கள். நஞ்சு உட்சென்று 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இந்தத் தளர்ச்சி வந்தது. நால்வருக்கு அவசரமாக மூச்சுக்கருவி தேவைப்பட்டது. தளர்ச்சி 18 நாள் வரைகூட நீடித்தது. நரம்பில் தொடர்ச்சியான மின்துடிப்பை அனுப்பித் தசையின் பதிலைப் பதிவு செய்தபோது, அது வரவரச் சோர்ந்தது. தசைத் தளர்த்தி மருந்து கொடுத்த நோயாளியின் கட்டைவிரலில் நிபுணர்கள் தினமும் காணும் சோர்வுக்கு உறவான ஒன்று. கோளாறு நரம்பு தசையோடு சேரும் சந்தியில், தசையின் பக்கத்தில் இருக்கிறது என்று அது சுட்டியது. 1987இல் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் மூன்றே பக்கத்தில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் வருவதால் ‘இடைநிலைக் கூட்டறிகுறி’ என்ற கருத்தில் பெயர் வைத்தார்கள். நிலைத்தது.

பெரிய ஆய்வுகூடத்தில் பிறந்த கண்டுபிடிப்பு அல்ல இது. ஒரு உட்சிகிச்சை வைத்தியரும் ஒரு மயக்க மருந்து நிபுணரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றதால் வந்தது. ஒருவர் நரம்பை அறிந்தவர், மற்றவர் மூச்சையும் தசைத் தளர்ச்சியையும் அறிந்தவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இது தவறியிருக்கலாம்.

மூச்சுக்கருவியும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்தே வார்ட்டுக்குள் வந்தவர்கள். 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத்தசை செயலிழந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். அவர் கூடத்தில் செய்வதையே வார்ட்டில் செய்தார்: 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்று செலுத்தினார். பிழைத்தாள். பிறகு மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து வந்து, இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு விதை அங்கேதான் விழுந்தது. கண்டியில் நஞ்சுண்டவரை வாரக்கணக்கில் தாங்கிப் பிடித்ததும் அதே வேலையின் தொடர்ச்சி.

ஆனால் எத்தனை மூச்சுக்கருவி வாங்கினாலும் போதாத பிரச்சினை இது. அடுத்த அடி வைத்தியசாலைக்கு வெளியே விழுந்தது, அதுவும் கண்டிக்குப் பக்கத்திலேயே. கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில் கெட்டம்பேயில் பீடைகொல்லிகள் பதிவாளரின் அலுவலகம் இருக்கிறது. நாட்டில் எந்தப் பீடைகொல்லியை விற்கலாம், எது கூடாது என்று முடிவாகும் இடம். 1987 கட்டுரையில் நான்கு நஞ்சுகளின் பெயர்கள் உண்டு: பென்தியன், மொனோகுரோட்டபொஸ், டைமெதோயேற்று, மெத்தமிடொபொஸ். மொனோகுரோட்டபொஸும் மெத்தமிடொபொஸும் 1995இல் தடைசெய்யப்பட்டன. 2008க்கும் 2011க்கும் இடையில் மற்ற இரண்டும், பரகுவாற்று களைநாசினியும் படிப்படியாகப் போயின. அந்த 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அது 70 சதவீதம் குறைந்தது. இந்தத் தடைகளால் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. விளைச்சல் படுத்துவிடும் என்ற பயமும் பொய்த்தது. பதிவாளராக இருந்த காமினி மனுவீர சக ஆய்வாளர்களோடு 2008இல் வெளியிட்ட கட்டுரை, தடைகளால் விளைச்சல் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று காட்டியது.

நஞ்சை எடுத்தவர்களில் மிகப் பலர் ஒரு கண நேரக் கொந்தளிப்பில் எடுத்தவர்கள். கையெட்டும் தூரத்தில் கொடிய போத்தல் இல்லையென்றால், அந்தக் கணம் கடந்துபோகும். பிழைத்து எழுந்தவர்களில் அநேகர் வாழ விரும்பினார்கள் என்பதை வார்ட்டில் நிற்பவர்கள் நன்றாக அறிவார்கள். யாருக்காவது மனம் அப்படி உடைந்திருந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.

இடைநிலைத் தளர்ச்சியின் கதை 1987உடன் முடியவில்லை. 2004இல் பேராதனையை மையமாக வைத்துத் தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கியது. 2008இல் ‘பிளோஸ் மெடிசின்’ இதழில் 78 நோயாளரைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் இருந்தார்கள், இருபது ஆண்டுக்கு முன் தாங்கள் எழுப்பிய கேள்வியை விடாமல். கழுத்து சோர்வதற்கு முன்னரே மின்பதிவில் மாற்றம் தெரிகிறது. சிலருக்கு அது கழுத்தோடு நின்றுவிடுகிறது. சிலருக்கு மூச்சு வரை போகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் ஒரு மூச்சுக்கருவியை யாருக்காக ஒதுக்கி வைப்பது என்பதும் தெரியும். கருவிகள் எண்ணிக்கையில் குறைந்த நாட்டில் இது ஏட்டுக் கேள்வி அல்ல.

இந்த வரிசையில் அடுத்து நிற்கப்போகிறவர் எப்படி உருவாகிறார்? ஐந்து ஆண்டு மருத்துவப் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சை. தேறினால் கண்டி, பேராதனை போன்ற வைத்தியசாலைகளில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி. நடுவே கடினமான எம்.டி. பரீட்சைகள், வெளிநாட்டில் ஒரு காலம், அதன் பிறகே நிபுணர் என்ற தகுதி. உடற்றொழிலும் மருந்தும் மட்டுமல்ல, வாயுக்களின் பௌதிகமும் படிக்க வேண்டும். ஆவியாகும் மயக்க மருந்து எவ்வளவு சூட்டில் எவ்வளவு ஆவியாகும் என்று தெரியாதவரிடம் யார் தலையைக் கொடுப்பது?

கையில் வர வேண்டிய வித்தை வேறு. இடக்கையில் லரிங்கோஸ்கோப், நாக்கை இடப்பக்கமாக ஒதுக்கி, மெல்ல மேலும் முன்னும் தூக்கினால், தொண்டைக்குள் வெள்ளையாக இரண்டு குரல்நாண்கள் தெரியும். அவற்றின் நடுவே குழாய் போக வேண்டும். தவறி உணவுக்குழாய்க்குள் போனாலும் வெளியிலிருந்து பார்க்கச் சரிபோலவே இருக்கும். உண்மையைச் சொல்வது கண்காணிப்புக் கருவியின் திரைதான். வெளிவரும் மூச்சில் காபனீரொட்சைட்டு இருந்தால் மூச்சுக்கு மூச்சு ஒரே உயரத்தில் மேசைபோன்ற அலை எழும். அலை இல்லையா, குழாயை எடு, ஒட்சிசன் கொடு, மறுபடி தொடங்கு. பொம்மையில் பல தடவை பழகிய பிறகே மனிதரிடம் வருகிறார்கள், அதுவும் மூத்தவர் தோளருகே நிற்க.

மலைநாட்டில் இந்த வித்தைக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு: வெற்றிலை. பாக்கும் புகையிலையும் சேர்த்து ஆண்டுக்கணக்காக மென்ற வாயின் உட்சதை நாராகி இறுகிவிடுகிறது. “அம்மா, வாயைத் திறங்க” என்றால் திறக்க மனமிருந்தும் முடிவதில்லை. மூன்று விரல் அகலம் திறக்க வேண்டிய வாய், ஒரு விரலுக்கே மறுக்கும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு வாய்ப் புற்றுநோயோடு வருகிறவர்களில் இப்படிப் பலர். அவர்களைத் தூங்க வைத்துவிட்டு வழி தேட முடியாது. விழிப்பாகவே இருக்க, மூக்கையும் தொண்டையையும் விறைக்கச் செய்து, வளையும் ஒளிக்குழாயை மூக்கு வழியாக மெதுவாக இறக்கி, அதன்மேல் மூச்சுக்குழாயை நழுவவிட வேண்டும். நோயாளி பயப்படாமல் ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். அதற்கு அவருடைய மொழியில் நாலு வார்த்தை வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத் தொழிலாளிக்கு, பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்ப்பாளராக இருக்கக்கூடாது. தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் கூடத்தில் இருப்பதும் சிகிச்சையின் பகுதிதான் என்று கணக்கிட வேண்டும்.

பட்டினிக் கணக்கிலும் இந்த மொழிச் சிக்கல் வரும். சத்திரசிகிச்சைக்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீராகாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது உலகப் பொது வழக்கம். பால் சேர்ந்தால் அது உணவுக் கணக்கு. ஆகவே வெறும் சாயத்தண்ணி வேறு, பால்தேத்தண்ணி வேறு. “தேத்தண்ணி குடித்தீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மருந்து இல்லாவிட்டால் இத்தனை பயிற்சியும் கைகட்டி நிற்கும். 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அவசரமானவை மட்டுமே நடந்தன. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அந்தச் செய்தி கண்டு உதவிக்கு வழி பார்க்கும்படி தம் தூதுவரிடம் சொன்னார். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு மருந்துக்காகக் கூடத்தையே மூடுவதா என்று தோன்றலாம். ஆனால் தசையை மீட்கும் நியோஸ்டிக்மின் என்ற அந்தச் சின்னக் குப்பி கையில் இல்லாமல் தசையைத் தளர்த்த எந்தப் பொறுப்புள்ள வைத்தியரும் துணியமாட்டார்.

நோயாளியின் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் நடக்கும் கிளினிக்குக்கு வரும்போது குடிக்கிற குளிசைகளையும் பழைய வைத்தியசாலை அட்டையையும் கொண்டுவர வேண்டும். அங்கே கேட்கும் ஒரு கேள்வி பலருக்கு வினோதமாகப் படும்: “உங்கள் குடும்பத்தில் யாராவது மயக்க மருந்துக்குப் பிறகு எழும்பப் பிந்தினார்களா?” காரணம் மறுபடியும் ஒரு நொதியம்தான். அவசரத்தில் கொடுக்கும் சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தியை, அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்துக்கு உறவான, இரத்தத்திலுள்ள இன்னொரு நொதியம் சில நிமிடங்களில் உடைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. அவர்களுக்கு மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைசியச் சமூகத்தினரிடம் இந்தக் குறை வழக்கத்தைவிட அதிகம் காணப்படுவதையும் அதற்கான மரபணு மாற்றத்தையும் 2006இல் பதிவு செய்தார்கள். இப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் இரத்தம் சோதித்து, எந்த மருந்து கூடாது என்று எழுதி, அவருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கையோடு கொடுத்துவிட வேண்டும். அடுத்த தடவை அவர் எந்த ஊர் வைத்தியசாலையில், எந்த நேரத்தில் போய்ப் படுப்பார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டைப் பணப்பையில் அடையாள அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லியே அனுப்புகிறார்கள்.